பாஸ்போர்ட்டு இல்லாமல் ஒரு வெளிநாடு!

வெளிநாடு பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் பாஸ்போர்ட்டு, விசா, விமானக் கட்டணம் என்று கணக்குப் போட்டதுமே பலர் ஆசையை அடக்கிக் கொள்கிறார்கள்.

பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இந்தியர்கள் போய் வரக்கூடிய நாடு ஒன்று உண்டு. அதுதான் நேபாளம்!

சென்னையில் இருந்து உத்தரபிரதேசத்தில் உள்ள கோரக்பூருக்கு ரெயில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்சில் சுமார் 90 கிலோ மீட்டர் சென்றால் எல்லை ஊரான சோனௌலி வரும். எல்லையை நடந்தே கடக்கலாம். புத்தர் பிறந்த லும்பினி அங்கிருந்து அருகில்தான். அசோகர் நாட்டிய கல்தூணை இன்றும் அங்கே காணலாம்.

எந்த அட்டை வேண்டும்?

பலர் ஏமாறுவது இங்கேதான். ஆதார் அட்டை மட்டும் போதாது! தேர்தல் கமிஷன் கொடுத்த வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், 65 வயதைக் கடந்த முதியவர்களுக்கும் மட்டுமே ஆதார் போதும். எல்லை வரை செலவு செய்து போய்விட்டு, அட்டை இல்லாமல் திரும்பினால் அத்தனை பணமும் பாழ்!

எந்த ரூபாய்?

நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். 1993-ம் ஆண்டு முதல் இதுதான் கணக்கு. கடைக்காரர் "160 ரூபாய்" என்றால், "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று கேளுங்கள். ஐ.சி. என்றால் இந்திய ரூபாய், என்.சி. என்றால் நேபாள ரூபாய். கேட்காமல் கொடுத்தால் 60 ரூபாய் நஷ்டம்!

மீந்த நேபாளப் பணத்தை எல்லையிலேயே மாற்றி விடுங்கள். நம் ஊர்க் கடையில் அது செல்லாது.

பெட்டியைக் கட்டும் முன்பு, வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்!