கரைவலையும் பல்கலைக்கழகமும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலே, திருகோணமலை எல்லையைத் தொட்டுக் கிடக்கிறது கொக்கிளாய். ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். இடைப்பட்ட மணற்கரையில் நின்று கரைவலை இழுப்போரின் கேள்வி ஒன்றே: இந்தக் கரையிற் பாடு யாருக்கு?

எளிய கேள்விதான். ஆயின் அதற்குள்ளே ஒரு நாட்டின் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. 1951-இல் இக்களப்பு பறவைகளின் சரணாலயமாயிற்று. 1984-இன் இறுதியில் ஊரவர் இடம்பெயர்ந்தனர். 2009-இற் போர் முடிந்து மீண்டவர்கள், தம் கரையிலே தென்பகுதி மீனவரும் தொழில் செய்யக் கண்டனர், பிணக்கு மூண்டது. வனசீவராசிகளைக் காக்கும் திணைக்களம் ஒன்று சொல்லும். கடற்றொழில் திணைக்களம் வேறொன்று சொல்லும். மூத்தோர் வழக்கம் பிறிதொன்று சொல்லும். இவற்றை ஒருங்கே நிறுத்தி நிறுப்பதையே பொதுக்கொள்கை ஆய்வு என்கிறோம்.

இத்தகைய கேள்விகள் உலகின் பெரிய வகுப்பறைகளை எட்டாமலில்லை. தென்னிலங்கையின் மாவெல்ல என்னும் மீனவர் ஊரிலே 1970களின் தொடக்கத்தில் ஆய்ந்தவர் போல் அலெக்சாந்தர் என்னும் மானிடவியலறிஞர். வலைகள் முறைவைத்து இறக்கப்பட்ட ஒழுங்கையும், வலைகளின் தொகையை மட்டுப்படுத்தும் சட்டம் ஏட்டளவில் நின்றதையும் அவர் எழுதினார். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகப் பேராசிரியை எலினர் ஒஸ்ட்ரம், 1990-இல் வெளியிட்ட தமது நூலில் அதனை எடுத்தாண்டார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அம்மையார் இவரே.

அதே நூலிற் கல்லோயாவும் வருகிறது. 1980களின் முற்பாதியில் அங்கே, கோர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கைகோத்தன. இளம் பட்டதாரிகள் உழவரிடையே குடியிருந்து, அவர்கள் சொல்லைக் கேட்டு, வாய்க்கால்தோறும் சங்கம் அமைக்கத் துணைநின்றனர். தலைவாய்க்கால் உழவர் கடைவாய்க்கால் உழவருக்கு நீர் விட்டுக்கொடுத்தனர். மாவெல்லவில் ஆய்வு நூலாயிற்று. கல்லோயாவிலோ ஆய்வு வாய்க்காலிலே பாய்ந்தது.

நமது வடபுலமும் இம்முயற்சிக்குப் புறம்பன்று. பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகளால் விளைந்த பிணக்கை, ஆம்ஸ்டர்டாம், யாழ்ப்பாணம், ருகுணு ஆகிய பல்கலைக்கழகங்களும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து ஆராய்ந்ததுண்டு. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் உள்ளன. 2021 முதல் வவுனியாவுக்கும் தனிப் பல்கலைக்கழகம் வாய்த்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தங்கள் இன்னும் பெருகும், பெருகட்டும்.

ஆனால் அவற்றை எடைபோட நமக்கொரு படிக்கல் வேண்டும். கேள்வி எங்கே பிறந்தது, கடல்கடந்த நகரிலா, கரையிலா? வலை இழுப்பவன் வெறும் தகவல் தருபவனா, உடன் ஆய்பவனா? முடிவு அவன் மொழியிலே அவன் கைக்குத் திரும்பி வந்ததா?

கடல்கடந்து வரும் கலையை வரவேற்போம். கொக்கிளாயின் மணலிலும் ஒரு நூலகம் விரிந்து கிடக்கிறது. அதை முதலில் வாசிக்க வேண்டியவர் நம் மாணவரல்லரோ?