ஐந்து கேள்வி, ஒரே பதில்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியதும் அதன் ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். யாருக்குப் பதவி தரலாம் என்று முடிவெடுக்க ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்துக் கொடுத்தவர், விளம்பர உளவியலில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த வால்டர் டில் ஸ்காட்.

'நன்று', 'சுமார்' போன்ற சொற்களை ஸ்காட் நம்பவில்லை. அவற்றுக்குப் பதிலாக மனிதர்களையே அளவுகோலில் வைத்தார். மேலதிகாரி முதலில் தனக்கு நன்கு தெரிந்த அதிகாரிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். தலைமைப் பண்பில் அவர்களில் தலைசிறந்தவர் யார்? அவருக்கு 15. கடைசி இடம் யாருக்கு? அவருக்கு 3. இடையில் 12, 9, 6 என்று மூன்று பெயர்கள். மதிப்பிட வேண்டியவர் இந்த ஐவரில் யாருக்கு நிகராக வருகிறாரோ, அந்த எண்ணே அவருக்கும். உடல்தகுதி, அறிவு, குணம் ஆகியவற்றுக்கும் இப்படியே தனித்தனிப் பட்டியல். படைக்கு மொத்தத்தில் எவ்வளவு பயன்படுவார் என்பதற்கு அதிகபட்சம் 40. ஆக 100.

அருமையான யோசனைதான். ஆனால் ஒவ்வொரு மேலதிகாரிக்கும் தெரிந்த ஐவர் வேறு வேறு. ஒருவர் பட்டியலில் முதலிடம் பெறுபவர் இன்னொருவர் பட்டியலில் நடுவில் நிற்கக்கூடும்.

இதைவிட ஆழமான கோளாறு ஒன்றைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் தார்ண்டைக் 1920-ல் எடுத்துக்காட்டினார். ராணுவத்தில் இடப்பட்ட மதிப்பெண்களை அவர் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு பண்புகளுக்குத் தொடர்பே இல்லையென்றால் ஒட்டுறவு 0. இரண்டும் முழுக்க இணைந்தே ஏறி இறங்கினால் 1. அறிவுக்கும் உடல்வாகுக்கும் இடையே 0.31 வந்தது. அறிவுக்கும் தலைமைக்கும் 0.51, அறிவுக்கும் குணத்துக்கும் 0.64. நிஜ மனிதர்களிடம் இந்தப் பண்புகள் இவ்வளவு நெருக்கமாகக் கைகோத்து வருவதில்லை. மேலதிகாரியின் மனதில் அந்த ஆளைப் பற்றி ஏற்கெனவே ஓர் எண்ணம் இருந்தது. எந்தக் கட்டத்தை நிரப்பினாலும் அதுவே வந்து விழுந்தது. இதைத்தான் இன்று ஒளிவட்ட விளைவு என்கிறோம். ஐந்து கேள்வி கேட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததோ ஒரே பதில், ஐந்து முறை.

கட்டங்களைக் கூட்டுவதால் இந்தக் கோளாறு தீராது. ஆண்டுதோறும் ஊழியர் மதிப்பீட்டுப் படிவத்தில் புதிது புதிதாகப் பண்புகளைச் சேர்க்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த எண்களில்தான் ஒருவரின் சம்பள உயர்வும் பதவியும் தொங்குகின்றன.

கூட்ட வேண்டியது மதிப்பிடுபவர்களைத்தான். ராணுவ மதிப்பெண்களை அலசிய ஹெரால்ட் ரக், குறைந்தது மூவராவது தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்று 1921-ல் எழுதினார். உளவியலாளர்களான ஸ்பியர்மேனும் பிரவுனும் 1910-ல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒருவர் இடும் மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை 0.5 என்றால், மூவரின் சராசரிக்கு அது 0.75, ஐவருக்கு 0.83.

'தனித்தனியாக' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நேர்முகத் தேர்வு முடிந்ததும் குழுவினர் முதலில் கலந்து பேசிவிட்டுப் பிறகு மதிப்பெண் எழுதினால், மூத்தவரின் கருத்தே மூன்று தாள்களிலும் பதிவாகும். பேச்சுக்கு முன்னால் எண்களை எழுதி வைத்துவிட வேண்டும். அதிலும் ஒருவரை எடுத்துக்கொண்டு எல்லாப் பண்புகளையும் நிரப்பாமல், ஒரு பண்பை எடுத்துக்கொண்டு, தேர்வுக்கு வந்தவர்கள் அனைவருக்கும் மதிப்பெண் இட்டுவிட்டு அடுத்த பண்புக்குப் போக வேண்டும்.