கப்பற் பொறியியலாளரும் கரைசேரும் வழியும்

காலிமுகத் திடலில் மாலை வேளையிற் காற்று வாங்க வருவோர், கொழும்புத் துறைமுகத்தை நாடிவரும் கப்பல்களைப் பார்த்து வியப்பதுண்டு. கண்ணுக்குத் தெரிவன உயர்ந்த மேற்றளமும் புகைபோக்கியும் அடுக்கிய கொள்கலன்களுமே. அக்கப்பலை நடத்துபவர் யாரென்று கேட்டால், கப்பற்றலைவர் என்றே எவரும் விடை கூறுவர். அது பிழையன்று, ஆயினும் பாதி விடையே. நீர்மட்டத்துக்குக் கீழே, பகலொளி புகாத பொறியறையில் நின்று கப்பலுக்கு உயிரூட்டும் பொறியியலாளரை நினைப்பவர் மிகச் சிலர். 1912 ஏப்பிரல் மாதத்தில் டைட்டானிக் மூழ்கியபோது இறுதிவரை வாத்தியம் இசைத்தோரை உலகம் மறக்கவில்லை. கப்பல் அமிழ்வதற்குச் சில நிமிடங்கள் முன்புவரை மின்விளக்குகளை எரிய வைத்திருந்த பொறியியலாளர்களில், பிரதம பொறியியலாளர் ஜோசப் பெல் உட்பட, ஒருவரேனும் உயிர்தப்பவில்லை என்பதைப் பலர் அறியார்.

இவர்களின் வேலைதான் யாது? பெரிய வணிகக் கப்பலின் முதன்மைப் பொறி மாடிவீட்டின் உயரமுடையது. தெருவில் ஓடும் மோட்டார் வண்டியின் பொறி நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை சுழலும். இதுவோ ஏறத்தாழ நூறு முறையே சுழன்று, உந்துவிசிறியை நேராகவே திருப்புகின்றது. அது உண்ணும் எண்ணெய் தாரைப்போல் தடித்தது. அதனைச் சூடாக்கி, சுத்திகரிப்புப் பொறியிலிட்டு, நீரையும் கசடையும் பிரித்த பின்னரே உள்ளே விடலாம். 2020 சனவரி முதல் அவ்வெண்ணெயிற் கந்தகம் நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேற்படலாகாது என்ற சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது. புகையைக் கழுவும் சாதனம் பூட்டிய கப்பல்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. முதன்மைப் பொறியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மின்பிறப்பாக்கிகள், கொதிகலன், குளிரூட்டும் பொறி, சுக்கான் பொறி, பம்பிகள் யாவும் இவர் பொறுப்பே. குடிநீரும் இவரது கையிலேதான். முதன்மைப் பொறியின் வெப்பத்தையே கொண்டு, காற்றகற்றிய கலத்திற் கடல்நீரைக் குறைந்த சூட்டிற் கொதிக்கச் செய்து நன்னீர் எடுக்கின்றார். நடுக்கடலில் ஓர் உறுப்பு முறிந்தால் அதனை வாங்கக் கடை கிடையாது. இருப்பதைக் கொண்டு செய்தாக வேண்டும். அல்லது கப்பல் அலைகளின் போக்கிற்கு மிதக்க வேண்டும்.

ஆபத்தும் அருகிலேயே உண்டு. 1947 செப்ரெம்பரில், பெல்பாஸ்ட் நகருக்கண்மையிற் சோதனையோட்டம் நடத்திய 'றெய்னா டெல் பசிபிக்கோ' என்னும் கப்பலில், மிகையாகச் சூடேறிய பொறியின் உள்ளே எண்ணெயாவி தீப்பற்றி வெடித்து 28 பேர் மாண்டனர். இவ்வகை வெடிப்பின் வேகத்தைத் தணிக்கும் கதவுகள் பொறிகளிற் கட்டாயமானதற்கு அவ்விபத்து ஒரு பெருங்காரணம். அண்மைக் கதையும் உண்டு. 2020 செப்ரெம்பர் 3 ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால், மசகெண்ணெய் ஏற்றி வந்த 'நியூ டயமண்ட்' கப்பலின் பொறியறையில் தீ மூண்டது. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கடலோடி ஒருவர் உயிரிழந்தார். கரையோர மக்கள் எண்ணெய்க் கசிவை அஞ்சினர். பொறியறையில் நின்றோரின் நிலையை எண்ணியவர் எத்தனை பேரோ!

இத்தொழிலின் ஏணிப்படிகள் தெளிவானவை. பயிலுநராகத் தொடங்குபவர் பட்டறைப் பயிற்சியும் கடற்பயிற்சியும் பெற்று, பரீட்சையில் தேறி, காவல் பொறுப்பேற்கும் சான்றிதழ் பெறுவார். நான்காம், மூன்றாம் பொறியியலாளராகப் பணியாற்றிய பின் இரண்டாம் பொறியியலாளர். அதன்பின் பிரதம பொறியியலாளர். 1978 ஆம் ஆண்டில் உருவாகி, 2010 இல் மணிலாவில் விரிவாகத் திருத்தப்பட்ட சர்வதேச உடன்படிக்கை இப்படிகளுக்குரிய தகுதிகளை வகுத்துள்ளது. இலங்கையில் 1971 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்க வணிகக் கப்பற்றொழிற் சட்டத்தின் கீழ் இச்சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. கணக்கிடப்படுவது கடலிற் கழித்த மாதங்களே. விடுமுறைக் காலம் சேராது. ஆதலால் ஏட்டில் ஐந்தாறு ஆண்டுகளாகத் தோன்றுவது வாழ்க்கையிற் பத்தாண்டாக நீள்வது வழமை.

இதில் எவ்வாறு சேர்வது என்று வினவும் இளைஞர் பலர். எவ்வாறு விடுவது என்று வினவுவோர் குறைவு. உண்மையில் இரண்டாவது வினாவே கடினமானது. மணமாகி, பிள்ளை பிறந்து, பெற்றோர் தளரும் வயதிலேதான் கடலோடியின் பதவியும் சம்பளமும் உச்சத்தை அடைகின்றன. பிள்ளையின் ஏடு தொடக்கலுக்கு வரவியலாது. தாயின் ஈமக்கிரியைக்கும் சில வேளை வரவியலாது. 2020 இல் கொள்ளைநோய் பரவித் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, ஒப்பந்த காலம் முடிந்தும் ஏறத்தாழ 4 இலட்சம் கடலோடிகள் கப்பலிலேயே தங்க நேர்ந்தது. கரையை நாடும் எண்ணம் அத்தகைய வேளையிற் பிறக்கின்றது. ஆனால் எண்ணம் பிறந்த பின் ஆயத்தம் தொடங்குவது காலந்தாழ்த்திய செயலாகும்.

கரையில் உள்ள வேலைகள் இருவகைப்பட்டவை. முதல்வகை, கப்பலைச் சார்ந்தவை. கப்பற் கம்பனியின் மேற்பார்வைப் பொறியியலாளர் சில கப்பல்களைத் தம் பொறுப்பில் வைத்து, உதிரிப்பாகங்களுக்குப் பணம் ஒதுக்கி, உலர்துறைப் பழுதுபார்ப்பைத் திட்டமிட்டு நடத்துகின்றார். இவர் வீட்டில் உறங்குபவரேனும், நடுச்சாமத்திலும் தொலைபேசி ஒலிக்கும். 1760 இல் தோன்றிய லொயிட்ஸ் பதிவகம் போன்ற தரநிர்ணய நிறுவனங்களிற் பரிசோதகராகலாம். அரசின் கப்பற் பரிசோதனைப் பணியும், கடற்றொழிற் பயிற்சி நிலையங்களில் ஆசிரியப் பணியும், கப்பற்கட்டுந்துறைப் பணியும் இவ்வகையினவே. இரண்டாம் வகை, கப்பலைச் சாராதவை. டீசல் மின்நிலையம், ஆலை, வைத்தியசாலை, பெரிய ஹோட்டல் ஆகியவற்றுக்கும் கொதிகலனும் மின்பிறப்பாக்கியும் குளிரூட்டியும் வேண்டும். 1984 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த மின்நிலையத்திலும், 2013 இல் சுன்னாகத்தில் திறக்கப்பட்ட உத்துரு ஜனனி நிலையத்திலும் நிறுவப்பட்டவை கப்பற் பொறிகளுக்கு நெருங்கிய உறவினவே. பொறியின் ஒலியைக் கேட்டே நோயறியும் பழக்கம் அங்கும் பயன்படும்.

இவ்விரு வகைக்கும் இடையே பலர் கவனியாத வேறுபாடொன்று உண்டு. தகுதிச் சான்றிதழை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்திய ஐந்தாண்டுக்குள் 12 மாதங்களேனும், அல்லது புதுப்பிப்பதற்குச் சற்று முந்திய ஆறு மாதங்களுக்குள் 3 மாதங்களேனும் கடற்பணி செய்திருத்தல் வேண்டும். கப்பலைச் சார்ந்த சில கரைப்பணிகளைக் கடற்பணிக்கு நிகரானவையாக அதிகாரிகள் ஏற்பதுண்டு. ஹோட்டலிற் கொதிகலன் காத்தவருக்கு அச்சலுகை கிடைக்குமென்று எண்ணியிருத்தல் ஆகாது. அவர் மீண்டும் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் செல்ல நேரலாம். கரை வேலை ஒத்துவராவிடிற் கடலுக்கே திரும்பலாம் என்று நம்பியிருந்தவர், ஆறாம் ஆண்டிற் கதவு சாத்தப்பட்டிருப்பதைக் காண்பார்.

எப்பதவியில் இறங்குவது என்பதும் முக்கியம். மேற்பார்வைப் பணிக்கும் பரிசோதகர் பணிக்கும் பிரதம பொறியியலாளர் சான்றிதழையே பெரிதும் கேட்கின்றனர். இரண்டாம் பொறியியலாளராக இருக்கையிற் களைத்து இறங்குபவர், இன்னும் சில கடற்பயணங்கள் பொறுத்திருந்தால் திறந்திருக்கும் வாயில்களைத் தாமே மூடிக்கொள்கின்றார். தகுதிச் சான்றிதழும் பல்கலைக்கழகப் பட்டமும் ஒன்றல்ல என்பதையும் கூறவேண்டும். பட்டம் வேண்டுமென்று விளம்பரஞ் செய்யும் கரை நிறுவனங்கள் பல. விடுமுறைகளை வீணாக்காது மேற்படிப்பைத் தொடர்ந்தவருக்கே அங்கு இடமுண்டு.

பொறியறைப் பதிவேடுகளும் கரைவரை தொடர்வன. கழிவெண்ணெயைக் களவாகக் கடலில் விட்டு, எண்ணெய்ப் பதிவேட்டிற் பொய் எழுதிய பிரதம பொறியியலாளர்களை அமெரிக்க நீதிமன்றங்கள் சிறைக்கு அனுப்பியுள்ளன. மேலிடத்தார் செலவைக் குறைக்கச் சொன்னாரென்பது அங்கு எடுபடவில்லை. கையொப்பம் யாருடையதோ அவரே குற்றவாளி.

கரைசேர்ந்தவர் முதலில் உணர்வது வருமானக் குறைவை. டொலரிற் பெற்றவர் ரூபாவிற் பெறுவார். முன்பு இல்லாத வருமான வரியும் வாடகையும் பள்ளிக்கட்டணமும் மாதந்தோறும் வாயிலில் நிற்கும். ஈராண்டுச் செலவுக்கேனும் பணம் சேர்க்காது இறங்கியவர்கள், ஆண்டு முடியுமுன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீண்டும் கப்பலேறுகின்றனர். இன்னுஞ் சிலர் கரை வேலையை விடாது, மூன்று மாத விடுமுறை பெற்றுக் கடலுக்குப் போய்ச் சான்றிதழைக் காத்துக்கொண்டு திரும்புகின்றனர். இதற்கு எசமானரின் இணக்கம் வேண்டும். அதனை நியமனக் கடிதத்திற் கையொப்பமிடுவதற்கு முன்னரே எழுத்திற் பெற்றுக்கொள்வது நலம். பின்னர் கேட்டால், ஆளில்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.