பயறு வண்டும் வசம்பு எண்ணெயும்

சேமித்து வைத்த பாசிப்பயற்றில் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். தோலின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை பயறு வண்டின் முட்டைகள். முட்டைக்கு அடியிலேயே தோலைத் துளைத்து உள்ளே போகும் புழு, பருப்பைத் தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். ஓட்டை தெரியும்போது விதை ஏற்கெனவே வீணாகியிருக்கும்.

தானியத்தில் வசம்பு போட்டு வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதற்கு அறிவியல் காரணம் உண்டு. வசம்பு எண்ணெயில் உள்ள அசரோன் பூச்சிகளின் இனப்பெருக்கத்தையே முடக்குகிறது என்று ஜம்முவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1977இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கிராம்பு எண்ணெயின் வழி வேறு. அதிலுள்ள யூஜினால், பூச்சியின் நரம்புகளில் செய்தி கடத்தும் ஆக்டோபமினின் வேலையைக் குழப்பிவிடுகிறது.

இந்த வாசனை எண்ணெய்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதனால் நஞ்சு எச்சம் குறைவு. பாதுகாப்பும் கொஞ்ச நாள்தான். வயலில் தெளிப்பதானால் வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது நல்லது. அளவு மிஞ்சினால் இலை கருகும்.

இயற்கையானது என்பதால் எல்லாம் தீங்கற்றது என்று நினைத்துவிடாதீர்கள். வசம்பு எண்ணெயை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968லேயே தடை விதித்தது. எனவே வசம்பு எண்ணெய் கலந்த பயற்றை விதைக்கு மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். சமையலுக்கான பயற்றை நன்றாக வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்தாலே போதும்.