கைவலிக்கு எண்ணெயும் ஒத்தடமும். மரத்துப்போன கைக்கு வேறு கணக்கு

விடியற்காலை இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு உளி பிடிக்கும் கை, நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலையை இழுத்து அறுக்கும் கை, பட்டணத்துத் தொழிற்சாலையில் நாள் முழுக்கத் திருகாணி முடுக்கும் கை. மாலையானால் எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான். பிடி தளரும், மணிக்கட்டு கனக்கும், விரல் மூட்டுகள் இறுகும்.

ஆயுர்வேதம் இதனை வாதத்தின் கணக்கில் வைக்கிறது. அளவுக்கு மிஞ்சிய உழைப்பு, குளிர், தூக்கக் குறைவு ஆகியவை வாதத்தைக் கிளப்பும் என்பது அதன் கருத்து. வறட்சியும் இறுக்கமும் வாதத்தின் குணங்கள் என்பதால் முதலில் எண்ணெய், பிறகு சூடு என்று வரிசை வகுத்தார்கள். நம் வீடுகளில் ஒத்தடத்தை முடித்துவிட்டுக் கடைசியில் தைலம் தடவுவோர் உண்டு. அது தலைகீழ் முறை.

விலை உயர்ந்த தைலம் தேவையில்லை, நல்லெண்ணெயே போதும். தன்வந்தரம், மகாநாராயணம் போன்ற புகழ்பெற்ற தைலங்களுக்கும் நல்லெண்ணெய்தான் அடிப்படை. எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். பலர் உள்ளங்கையை மட்டுமே தேய்க்கிறார்கள். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் இருப்பதோ முன்கையில். ஆகவே முழங்கையிலிருந்து தொடங்கி, எலும்பின் மீது நீளவாக்கிலும் மூட்டைச் சுற்றி வட்டமாகவும் பத்து நிமிடம் தேய்த்துவிடலாம். அதன் பிறகு ஒத்தடம். நறுக்கிய நொச்சி இலையைச் சிறிது எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்தால் கிழி தயார். நொச்சிக்கு எங்கே போவது என்று கேட்கவேண்டாம். வடக்கே ‘நாசி லெமுனி’ சமைக்கப் பயன்படும் லெமுனியும் நொச்சி இனம்தான். காயமோ புதிய வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் இதெல்லாம் கூடாது.

ஆனால், வலிக்கும் கை வேறு, மரத்துப்போகும் கை வேறு. இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நாள்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தால் கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து பிடியே போய்விடலாம். கிளினிக்கில் காட்டுவதே சரி.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நம் சமூகத்தில் அந்நோய் இல்லாத வீடு குறைவு. நரம்பு உணர்ச்சி மங்கிய கைக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண்ணும் எளிதில் ஆறாது. அவர்களுக்கு வெதுவெதுப்பான எண்ணெயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கைவலிக்கு என்று விற்கப்படும் மாத்திரை, லேகியங்களில் இன்னொரு கவனம் வேண்டும். பதிவு பெறாத சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கண்டறியப்பட்டதுண்டு. மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி எழுத்தில் முடியும் எண் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும் முன் அதனைப் பார்த்துக்கொள்ளலாம்.