மரம் முந்தியா, விதை முந்தியா?

தில்லி தீன்மூர்த்தி வளாகத்தில் நேரு கோளரங்கம் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்த நிருபமா ராகவனிடம், ஆராய்ச்சி செய்ய ஆசை என்று போய் நின்றார் ஒரு பள்ளி மாணவி. தில்லி வானத்தில் எந்த விண்மீன் எங்கே தெரியும் என்று படம் போடும் நிரலை கமடோர் 64 கணினியில் எழுதினார். கோயம்புத்தூரில் பிறந்து தில்லியில் வளர்ந்த அந்தப் பிரியம்வதா நடராஜன் இன்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். ராட்சதக் கருந்துளைகள் எந்த விதையிலிருந்து முளைத்தன என்பது அவர் பல ஆண்டுகளாகத் துருவும் கேள்வி.

பெரிய விண்மீன் திரள்கள் அநேகமாக எல்லாவற்றின் நடுவிலும் ஒரு கருந்துளை உண்டு. நம் பால்வெளியில் இருப்பதன் நிறை சுமார் 40 லட்சம் சூரியன்கள். கேட்க மலைப்பாக இருந்தாலும், திரளின் நிறைக்கு முன்னால் அது கடுகு. அதன் ஈர்ப்பின் பிடி திரளின் ஓரம்வரை எட்டாது. ஆனாலும் நடுப்புடைப்பில் விண்மீன்கள் வேகமாக அலையும் திரளில் கருந்துளையும் கனமாக இருப்பதை 2000இல் இரண்டு குழுக்கள் அளந்து காட்டின. எட்டாத ஒன்றோடு எப்படி இத்தனை ஒட்டுறவு?

அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் தன்னைச் சூடாக்கிய தீயையே அணைத்துவிடும். கருந்துளையும் அப்படித்தான். உள்ளே விழும் வாயு கொதித்து ஒளிர்கிறது. அந்த ஒளியும் காற்றும் சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளுகின்றன. கருந்துளைக்கு இரை நின்றுபோகிறது, திரளில் புது விண்மீன் பிறப்பதும் குறைகிறது.

சரி, விதை? செத்த விண்மீன் விட்டுச்செல்லும் கருந்துளை பெரும்பாலும் நூறு சூரியன் நிறைக்குள்தான். அதிலிருந்து தொடங்கினால், இளம் பிரபஞ்சத்திலேயே ராட்சதனாக வளர நேரம் போதாது. பெரிய வாயுத்தட்டு, விண்மீனாகாமலே, நேரே இடிந்து பல்லாயிரம் சூரியன் நிறையுள்ள கருந்துளையாகலாம் என்று ஜுசெப்பே லொடாட்டோவும் பிரியம்வதாவும் 2006இல் கணக்கிட்டார்கள். அப்படிப் பிறந்தது கண்ணில் பட்டால் எப்படித் தெரியும் என்பதையும் 2017இல் அவரது குழு எழுதிவைத்தது. எனக்கு இதுதான் பிடித்த இடம்: பார்க்கும் முன்பே அடையாளம் சொல்லிவிடுவது.

2023இல் யுஎச்இசட்1 என்ற தொலைதூரத் திரள் சிக்கியது. முன்னால் இருக்கும் ஏபெல் 2744 என்ற திரள்கூட்டம் உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் உதவ, வெப் தொலைநோக்கி அந்தத் திரளைக் கண்டது. சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி அதன் கருந்துளையின் எக்ஸ் கதிரைப் பிடித்தது. அந்த ஒளி கிளம்பியபோது பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டுதான் ஆகியிருந்தது. கருந்துளையின் நிறை 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள் என்று மதிப்பிட்டார்கள்.

நம் அக்கம்பக்கத் திரள்களில் விண்மீன்களின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கருந்துளைக்கு. யுஎச்இசட்1இல் இரண்டும் ஏறக்குறையச் சமம்; முன்பே சொல்லிவைத்த அடையாளமும் இதுதான். ஒரே திரளை வைத்து வழக்கை முடிக்க முடியாது, விவாதம் நடக்கிறது. ஆனால் அங்கே கருந்துளை முந்திவிட்டது. விண்மீன்கள்தான் பிறந்து வந்து கணக்கை நேராக்க வேண்டும்.