வாழையடி வாழையும் வாடல் நோயும்

மணமக்களை வாழ்த்தும் பெரியோர் ‘வாழையடி வாழையாகத் தழைத்து வாழ்க’ என்பர். தாய்வாழை தாரீன்று சாயுமுன் அதன் அடியில் கன்று எழுகிறது. அக்கன்றின் அடியில் மற்றொரு கன்று எழுகிறது. மரபு அறாமல் தொடர வேண்டும் என்னும் விழைவுக்கு நம் முன்னோர் கண்ட உவமை இது. இவ்வாழ்த்தினுள் ஓர் அறிவியல் உண்மையும் அடங்கியுள்ளது. நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை இல்லை. ஆதலால், கன்று தாயின் மரபணுக்களை ஏறத்தாழ அப்படியே தாங்கி வருகிறது. வாழையின் வலிமையாகிய இவ்வியல்பே அதன் கேடாகவும் மாறியது எங்ஙனம் என்பதை இவண் காண்போம்.

வாடல் நோய் என்றதும் நீரின்மையே நம் நினைவுக்கு வரும். ஆனால், இந்நோய் கண்ட வாழை ஈரமண்ணில் நின்றுகொண்டே வாடுகிறது. மண்ணில் வாழும் பியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பூஞ்சை வேர்வழியே நுழைந்து, நீரை மேலேற்றும் குழாய்களில் பரவுகிறது. பூஞ்சையைத் தடுக்க முயலும் செடியும் அக்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகித் தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. பின்னர் மரமே மடிகிறது. பூஞ்சையின் உறங்கும் வித்துகளோ பல்லாண்டுகள் மண்ணில் காத்திருக்கின்றன. நோய்கண்ட நிலத்தில் மீண்டும் அதே வாழையை நட இயலாமைக்கு இதுவே காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் என்னும் வாழை வகை, ‘பனாமா நோய்’ எனப்பட்ட இவ்வாடலால் வீழ்ந்தது. அதன் இடத்தைக் கேவண்டிஷ் வகை பிடித்தது. பழைய பூஞ்சையினத்தை அது தாங்கி நின்றது. ஆனால், வெப்பமண்டல நான்காம் இனம் என்னும் வேறொரு பூஞ்சையினம், 1990களின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் புதிதாக அமைக்கப்பட்ட கேவண்டிஷ் தோட்டங்களை அழித்தது. 2013இல் மொசாம்பிக்கிலும் 2019இல் கொலம்பியாவிலும் அது கண்டறியப்பட்டது. தமிழில் இரஸ்தாளி என்றும் மலாயில் ராஸ்தாலி என்றும் வழங்கும் வாழையும் இந்நோய்க்கு எளிதில் இரையாவதே.

இவ்விடத்து ஒரு வினா எழுகிறது. இப்பூஞ்சையின் உறவினர் பலர் எச்செடிக்கும் தீங்கிழைக்காமல் மண்ணில் வாழ்கின்றனர். அவ்வாறாயின், சிலவற்றை மட்டும் கொலைகாரராக்குவது எது?

இதற்கான தெளிவான விடை தக்காளியைத் தாக்கும் பூஞ்சையினத்திலிருந்து 2010இல் கிடைத்தது. அதன் 15 குரோமோசோம்களுள் 4 குரோமோசோம்கள் நெருங்கிய பூஞ்சை வகைகளில் காணப்படாதவை. வளர்ச்சிக்குரிய அடிப்படைப் பணிகளை ஏனையவை ஆற்ற, நோயாக்கும் மரபணுக்கள் இத்துணைக் குரோமோசோம்களில் செறிந்திருந்தன. ஆய்வாளர்கள் இப்பூஞ்சையையும் தீங்கற்ற வேறொன்றையும் ஒருங்கே வளர்த்தனர். பதினான்காம் குரோமோசோம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. அதைப் பெற்ற சாதுவான பூஞ்சை, தக்காளியைத் தாக்கும் திறனைப் பெற்றது. தாயிடமிருந்து சேய்க்கு என்னும் வழியில் மட்டுமன்றி, அயலாரிடமிருந்தும் நோயாக்கும் திறன் வந்து சேரலாம் என்பது இதனால் புலனாயிற்று.

அக்குரோமோசோம் தாங்கிய மரபணுக்களுள் சில, செடியின் நீர்க்குழாயினுள் சுரக்கப்படும் சிறு புரதங்களுக்குரியவை. செடியின் தற்காப்பைக் குலைப்பது அவற்றின் பணி. ஆனால், செடியும் வாளாவிருப்பதில்லை. அதன் காவல் மரபணுக்கள் இப்புரதங்களுள் ஒன்றை அடையாளம் கண்டுகொண்டால் எதிர்ப்பு உடனே எழும். காட்டுத் தக்காளியிலிருந்து பெற்ற ஒரு காவல் மரபணுவைப் பயிருக்கு ஊட்டினர். பூஞ்சை தன்னைக் காட்டிக்கொடுத்த புரதத்தையே கைவிட்டுத் தப்பியது. இரண்டாவது காவல் மரபணுவை ஊட்டினர். அதற்குரிய புரதத்தில் ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் தப்பியது. மூன்றாவதற்காகவும் மனிதர் காட்டுத் தக்காளியிடமே செல்ல நேர்ந்தது.

தக்காளிக்குக் கலப்பினம் உண்டு. ஆகவே புதிய காவலைப் புகுத்த வழியும் உண்டு. மும்மடிக் குரோமோசோம் கொண்ட கேவண்டிஷ் வாழைக்கு அவ்வழி ஏறத்தாழ மூடப்பட்டது. ஒரு மரத்தின் பூட்டைத் திறந்த பூஞ்சை, உலகிலுள்ள கேவண்டிஷ் தோட்டம் அனைத்தின் பூட்டையும் திறந்ததாகிறது. வாழையடி வாழை என்னும் ஒருமைப்பாட்டின் விலை இதுவே.

எனினும் நம்பிக்கைக்குரிய செய்தி நம் மண்ணிலேயே உள்ளது. தீபகற்ப மலேசியாவின் காடுகளில் வளரும் விதைமிக்க காட்டுவாழை ஒன்று, மலாக்காவின் பெயரால் ‘மலாக்கென்சிஸ்’ என அழைக்கப்படுகிறது. அதன் நோயெதிர்ப்பு மரபணு ஒன்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கேவண்டிஷ் வாழையில் புகுத்தி, நோய்கண்ட நிலத்தில் நட்டுச் சோதித்தனர். அவ்வாழை நோயைத் தாங்கி நின்றது. அதை வளர்க்கவும் உண்ணவும் ஆஸ்திரேலியா 2024இல் ஒப்புதல் வழங்கியது. வியப்பு யாதெனில், கேவண்டிஷ் வாழையிடமும் அம்மரபணுவின் இணை உள்ளது. ஆனால் அது மிகக் குறைவாகவே செயற்படுகிறது.

ஆயினும் ஒரு காவலை நம்பி ஓய்ந்திருத்தல் தகாது என்பதைத் தக்காளியின் வரலாறு உணர்த்துகிறது. விதை நிறைந்து, சதை குறைந்து, சந்தையில் விலைபோகாத காட்டுவாழையே நாளைய காவல் மரபணுக்களின் களஞ்சியம். அக்காட்டை அழித்தால் இன்னும் பெயரிடப்படாத காவலரையும் உடன் அழித்தவராவோம். வீட்டுத் தோட்டத்தில் ஒன்றுக்கு நான்கு வகை வாழை வளர்ப்பவரும் இக்களஞ்சியத்துக்குத் தம்மாலியன்றதைச் சேர்க்கிறார். வாழையடி வாழை தொடர வேண்டுமாயின், ஒரு வாழைக்கு அருகே வேறொரு வாழையும் நிற்க வேண்டும்.